கொழும்பில் வீட்டுத் தோட்டமும் தேன்பெட்டியும்: கன்று நடுவதிலிருந்து மழைக்காலம் தாண்டும் வரை

தெஹிவளையில் எங்களுக்குப் பன்னிரண்டு பேர்ச் வளவு, அதில் பாதி வீடு. மிச்சப் பாதியில் மூன்று தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் தொடங்கிய நண்பர்கள், சொந்தக்காரர்கள் பலருக்குப் பக்கத்தில் நின்று உதவியிருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் ஒரே கதைதான். ஜனவரியில் ஆசையாகப் பெட்டி வாங்குவார்கள், ஏப்ரலில் தேன் எடுப்பார்கள், ஜூன் மாதம் ஒரு காலையில் போன் வரும்: "அண்ணா, பெட்டிக்குள்ள ஒண்டுமில்லை, எல்லாம் போயிட்டுது."

நம்மூரில் வளர்ப்பது பொந்துத் தேனீ, ஏபிஸ் செரானா என்கிற இனம். கஷ்டம் வந்தால் இருந்து சாகாது, கூட்டோடு கிளம்பிவிடும். பசி, எறும்பு, வெயில், அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் ஆள், எது தாங்க முடியாமல் போனாலும் இராணியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கொழும்பில் அதற்குப் பெரிய கஷ்டம் மழை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, மூச்சு விடுவதற்குள் ஒக்டோபர், நவம்பர் இடிமழை. அதனால் வரிசை முக்கியம்: முதலில் பூ, அப்புறம் இடம், அப்புறம் பெட்டி, கடைசியாகத்தான் தேனீ. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. முதல் வேலை: சுற்றுவட்டாரத்தை நடந்து பாருங்கள்

இந்தத் தேனீ சாதாரணமாக ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள்தான் தீனி தேடும். உங்கள் வளவில் எவ்வளவு நட்டாலும் அது அதன் சாப்பாட்டில் ஒரு பங்குதான், மிச்சம் ஊரார் மரங்களில் இருந்து வர வேண்டும். ஆகவே பெட்டிக்குக் காசு கட்டும் முன்னே, ஒரு ஞாயிறு காலை ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து என்னென்ன மரம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

தென்னை எத்தனை, மா, ரம்புட்டான், ஜம்பு, கொய்யா, முருங்கை, வாழை, வேம்பு எங்கே நிற்கிறது, கோயில், தேவாலய, பள்ளிக்கூட வளவுகளில் பெரிய மரம் உண்டா, வெறுங்காணியில் தொட்டாற்சுருங்கி படர்ந்திருக்கிறதா. கால்வாய்க் கரையையும் சதுப்பு நிலத்தையும் விட்டுவிடாதீர்கள், வெளியே காய்ந்து கிடக்கும்போதும் அங்கே ஏதாவது பூத்திருக்கும். பத்துப் பதினைந்து தென்னையும் நாலைந்து வகைப் பழமரமும் கண்ணில் பட்டால் ஒரு பெட்டி தாங்கும். வெள்ளவத்தை மாதிரித் தொடர்மாடி நெருக்கத்தில் இருப்பவர்கள் இந்த நடையைக் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் மேல்தளத்தில் இருந்து பார்க்கும்போது பச்சையாகத் தெரிவதில் பாதி பூக்காத அலங்கார மரமாக இருக்கும்.

2. தோட்டம்: செப்டெம்பர் கடைசியில் மண்ணைத் தொடுங்கள்

கன்று நடச் சரியான நேரம் செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் தொடக்கம். ஒக்டோபர் மழையில் வேர் பிடித்துவிட்டால் ஜனவரி வெயிலில் பூக்கும், தேனீ பெருகும் நேரமும் அதுதான். ஜனவரியில் நட்டால் பெப்ரவரி வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றியே களைத்துப்போவீர்கள்.

எங்கள் பக்கத்து மண் இறுகிய செம்மண், இடைக்கிடை கல். ஒன்றரை அடி குழி வெட்டி, எடுத்த மண்ணோடு பாதிக்குப் பாதி கூட்டெரு கலந்து போடுகிறேன். பூச்சாடியில் வைப்பவர்கள் அடியில் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழை மாதங்களில் வேர் அழுகுவது அதனால்தான்.

என்ன நடுவது? கண்ணுக்கு அழகாக இருப்பதற்கும் தேனீக்கு உதவுவதற்கும் சம்பந்தம் இல்லை. போகன்விலாவில் நிறமாகத் தெரிவது இலை, உள்ளே இருக்கும் பூ சின்னஞ்சிறு குழல். வெட்சியின் பூக்குழல் நீளமானது, இந்தத் தேனீயின் நாக்கு அடி வரை போகாது. அடுக்கடுக்காக இதழ் வைத்த வகைகளில் மகரந்தத் தண்டுகளே பல சமயம் இதழாக மாறிப்போயிருக்கும். நர்சரிக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் நின்று, எந்தச் செடியில் தேனீ உட்காருகிறது என்று பாருங்கள். பத்தரமுல்லை தியத்த உயனவில் கன்றுக் கடைகள் வரிசையாக இருப்பதால் இதைச் செய்ய வசதி.

நான் நட்டிருப்பவை இவை. மதிலோரம் அன்டிகோனன் கொடி. வருஷத்தில் அநேக மாதம் பூக்கும், ஆனால் கவனிக்காவிட்டால் மதிலையும் தாண்டிப் பக்கத்து வீட்டை மூடிவிடும், ஆகவே மாதம் ஒருமுறை கத்தரிக்கோல் வேண்டும். சமையலறைப் பக்கம் முருங்கை, தேசி, கறிவேப்பிலை, இரண்டு வாழை. வெயில் படும் பாத்தியில் துளசி, திருநீற்றுப்பச்சை, தும்பை, காஸ்மோஸ். வேலியில் பூசணியும் பாகலும்.

வாழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை விட்ட ஒரு காலையில் வாழைப்பொத்தியின் மடல் ஒன்றை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வரிசையாக நிற்கும் பூக்களின் அடியில் பிசுபிசுவென்று தெளிந்த துளி நிற்கும். மற்றப் பூக்களின் தேனை மழை கழுவிக்கொண்டு போயிருக்கும்போது இங்கே மடல் குடை பிடித்துக் காப்பாற்றி வைத்திருக்கும். ஜூன் மாதம் எங்கள் வளவில் தேனீ முதலில் போகும் இடம் அதுதான்.

ஒரே செடியைக் கூட்டமாக நடுங்கள், பத்து வகையை ஒவ்வொன்றாக நடாதீர்கள். ஒரு தேனீ ஒரு பறப்பில் அநேகமாக ஒரே வகைப் பூவில்தான் வேலை செய்யும். ஒரு சதுர மீற்றர் துளசி இருந்தால் வந்து நின்று வேலை செய்யும், ஒற்றைச் செடி இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

நர்சரியில் வாங்கிய கன்றில் பூச்சிமருந்து இருக்கலாம், அது வேர் வழியாக ஏறிப் பூவின் தேனுக்கும் வரக்கூடியது. புதுக் கன்றின் பூக்களைக் கிள்ளிவிட்டு, நாலைந்து கிழமை தள்ளி வைத்து, அப்புறம் வரும் பூவை விடுங்கள். புல் வெட்டும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் வழிக்க வேண்டாம். பாதியை இந்தக் கிழமை, மீதியைப் பதினைந்து நாள் கழித்து. தொட்டாற்சுருங்கியின் அந்த ஊதாப் பந்து காலை வேளையில் தேனீக்கு நல்ல மகரந்தம்.

3. பெட்டி வைக்கும் இடம்

காலை வெயில் பட வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு நிழல் வேண்டும். காலை வெயில் பட்டால் தேனீ நேரத்தோடு வேலைக்குப் போகும். மத்தியான வெயில் நேரே விழுந்தால் வதை (தேனீ கட்டும் மெழுகு அடை) இளகும், தேனீ பாதி நேரம் வாசலில் நின்று விசிறிக்கொண்டிருக்கும். இந்தத் தேனீ வெளியே பார்த்து நின்றுகொண்டு காற்றை உள்ளே தள்ளும். மத்தியானம் வாசலில் ஒரு வரிசை அப்படி நின்று சிறகடித்தால், இன்றே நிழல் போடுங்கள்.

வாசல் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்கட்டும். மேற்கே திருப்பினால் மே மாதம் கடல் பக்கமிருந்து அடிக்கும் மழை நேரே உள்ளே போகும். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களும் மொட்டை மாடியில் வைப்பவர்களும் மேற்கே ஒரு தட்டியோ மதிலோ இல்லாமல் வைக்கவே வேண்டாம்.

வாசலுக்கு முன்னால் ஒன்றரை மீற்றர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் கொடிப் பந்தலோ வேலியோ இருந்தால் தேனீ எழும்பி மேலாகப் பறக்கும், ஒழுங்கையில் போகிறவர் முகத்தில் மோதாது. வீட்டு லைட் வாசலில் விழாமல் பாருங்கள். உடுப்புக் காயப் போடும் கொடி, பிள்ளைகள் விளையாடும் இடம், நாய் கட்டும் இடம், இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. தொடங்கும் முன் அயலவரிடம் போய்ச் சொல்லுங்கள். தேனீ வந்த பிறகு சொல்வதை விட அது எவ்வளவோ சுகம்.

4. தாங்கியின் கால்: எறும்பும் நுளம்பும்

பெட்டியை நிலத்தில் வைக்கக் கூடாது, முழங்காலுக்கு மேல் உயரத்தில் ஒரு தாங்கி வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்கத் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தச் சொல்வார்கள். கொழும்பில் அதைச் செய்யாதீர்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தால் வழக்கு. வழக்கை விடுங்கள், வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால் என்ன செய்வது?

கிண்ணத்தில் பழைய எஞ்சின் ஓயில் ஊற்றி, மழை விழாமல் மேலே ஒரு தகரத் தொப்பி போடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக் குழாய்த் தாங்கியாகச் செய்து நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கிறீஸ் பூசிவிடுங்கள், நான் இதற்குத்தான் மாறினேன். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கிறீஸில் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்துப் புதிதாகப் பூச வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கே: கீழே கிறீஸ் பூசியிருக்கும், மேலே ஒரு மாங்கொப்பு பெட்டிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முசுறுக்கு அந்த ஒரு இலை போதும், இரவோடு இரவாக ஒரு கூட்டத்தையே கிளப்பிவிடும். புல், கொடி, கொப்பு எதுவும் தொடக் கூடாது.

5. தண்ணீர், தேனீ வருவதற்கு முன்பே

இந்த இடத்தில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். தேனீ வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட தேனீ எல்லாம் எங்கட ஏ.சி. பைப் அடியில வந்து நிக்குது. மகள் உடுப்புக் காயப் போடப் பயப்படுறாள்."

"இண்டைக்கே தண்ணி வைக்கிறன் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ."

அன்றைக்கே வைத்தேன். ஆனால் தேனீ பழகிய இடத்தை லேசில் விடாது, முழுதாக எங்கள் பக்கம் திரும்ப ஒரு கிழமைக்கு மேல் ஆனது. அந்த ஒரு கிழமையும் அக்கா பொறுமையாக இருந்தது அவருடைய நல்ல மனசு. ஆகவே தேனீ வரும் நாளுக்கு முன்னமே ஒரு தட்டையான மண்சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிச் சாகும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு கிழமை அளவில் எடுக்கும், முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

6. பெட்டியும் கையில் இருக்க வேண்டியவையும்

நியூட்டன் வகைப் பெட்டி போதும்: கீழே முட்டையும் குஞ்சுப் புழுவும் வளரும் புழு அறை, அதில் வதை கட்ட ஏழு சட்டங்கள், மேலே தேன் அறை. வெளிநாட்டுப் பெரிய பெட்டி அழகாக இருக்கிறதென்று வாங்காதீர்கள், அது வேறு இனத்துக்கான அளவு, நம்முடைய தேனீயால் அதை நிரப்பவோ சூடு காக்கவோ முடியாது.

வாங்கும்போது பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாசல் தவிர வேறெங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. இந்த இனம் மரப்பிசின் கொண்டுவந்து ஓட்டை அடைக்காது, அந்த வேலை உங்களுடையது. தேன்மெழுகை உருக்கி ஓட்டையில் விட்டு அடையுங்கள். வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடிக்கலாம், உள்ளே வேண்டவே வேண்டாம்.

முகவலை, புகையூட்டி, பொச்சுமட்டை, நீளக் கத்தி ஒன்று, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, மென்மையான தூரிகை, கொஞ்சம் சீனி, வாசலை மூட ஒரு துண்டுக் கம்பிவலை, இவ்வளவும் தேனீக்கு முன்னே வீட்டில் இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது தேனீயோ குளவியோ கொட்டி முன்பு மூச்சுத்திணறல் வந்திருந்தால், பெட்டி வைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள், அதன் வாசம் மற்றத் தேனீக்களையும் இழுக்கும். உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, தலைசுற்று என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

7. தேனீக் கூட்டம் எங்கிருந்து

புதியவருக்கு நான் சொல்வது, வளர்ப்பவரிடம் இருந்து முழுக் கூட்டமாக வாங்குங்கள், டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரிக்குள். அதற்கு முன் வாங்கினால் மழையில் தொடங்குவீர்கள், பின்னால் வாங்கினால் கூட்டம் பெருகும் முன்னே பூக்காலம் முடிந்துவிடும். பண்டாரவளை, பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது, பயிற்சி பற்றி அங்கே விசாரிக்கலாம்.

வாங்கும் முன் சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாலைந்து வதையாவது இரண்டு பக்கமும் தேனீ மூடியிருக்க வேண்டும். வதையின் சின்னச் சின்ன அறைகளின் அடியில் அரிசி நுனியை விடச் சிறிதாக வெள்ளை முட்டை நிற்க வேண்டும், அறைக்கு ஒன்று. முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று அர்த்தம், அவளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. புழு தண்ணீர் நிரம்பிய பை மாதிரி வீங்கித் தலை தூக்கிக் கிடந்தால் அது வைரஸ் நோய், மருந்து கிடையாது, அந்த இடத்தில் எதையும் வாங்காதீர்கள்.

கிராமங்களில் மண்முட்டியின் உள்ளே தேன்மெழுகு தடவி மரத்தில் கட்டி வைத்துக் கூட்டம் பிடிப்பார்கள். கொழும்பிலும் அது வேலை செய்யும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சுவர்ப் பொந்திலோ மின்மானிப் பெட்டியிலோ இருக்கும் கூட்டத்தை வெட்டி எடுத்து வாழைநாரால் சட்டத்தில் கட்டி மாற்றுவது தனி வேலை, முதல் வருஷம் தனியாகச் செய்ய வேண்டாம்.

8. முதல் பத்து நாள்

இருட்டிய பிறகு வாசலை வலையால் மூடி, இரவிலேயே கொண்டு வாருங்கள். பகலில் மூடினால் வெளியே போன தேனீ அங்கேயே விடுபட்டுவிடும். வண்டியில் வதைகள் வண்டி ஓடும் திசைக்கு நேராக நிற்கட்டும், குறுக்கே வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் வதை ஆடி உடையும்.

வந்த இரவு வலையை எடுத்துவிட்டு, இராணி தாண்ட முடியாத துளைத் தகட்டை வாசலில் வைக்கலாம். அது ஐந்தாறு நாளுக்குத்தான். மறந்து விட்டால் ஆண் தேனீ வெளியேற முடியாமல் வாசலை அடைக்கும். சீனியும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்து, மாலையில் 200 மில்லிலீற்றர் உள்ளே வையுங்கள், மிதக்க நாலு ஈர்க்குத் துண்டு போட்டு. வெள்ளைச் சீனி மட்டும். கருப்பட்டியும் சிவப்புச் சீனியும் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. பகலில் வைத்தால் வேறு கூட்டத் தேனீ மணம் பிடித்துக் கொள்ளையடிக்க வரும்.

பத்து நாளைக்கு மூடியைத் திறக்க வேண்டாம், ஆசையாக இருக்கும், இருந்தாலும் வேண்டாம். வாசலைப் பாருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு தேனீ உள்ளே போனால் உள்ளே புழு வளர்கிறது, எல்லாம் சரி. மாலையில் பெட்டியில் மெல்லத் தட்டிக் காதை வைத்தால் ஒரே மூச்சாக "ஸ்ஸ்" என்று சீறி அடங்கும், அதுவும் சுகத்தின் அறிகுறிதான்.

9. ஜனவரி தொடக்கம் ஏப்ரல்: கிழமைக்கு ஒருமுறை

இந்த மாதங்களில் மா, அப்புறம் ரம்புட்டான், கூடவே தென்னை என்று வரவு இருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறை, வெயில் உள்ள நாளில் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பாருங்கள். கிழவித் தேனீக்கள் அப்போது வெளியே வேலைக்குப் போயிருக்கும், கோபக்காரிகள் அவர்கள்தான். வாசலில் இரண்டு மூச்சுப் புகை, ஒரு நிமிஷம் பொறுத்து மூடி. பத்து நிமிஷத்துக்குள் முடியுங்கள்.

ஏன் ஏழு நாள்? கூட்டம் பிரியத் தயாரானால் வதையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை மாதிரித் தொங்கும் இராணி அறை கட்டும். முட்டையிலிருந்து அறை மூடப்பட எட்டு நாள் அளவில் ஆகும், மூடியதும் பழைய இராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பும். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு அது தப்பாது.

அதற்கும் முன்னே ஒரு அடையாளம் உண்டு, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியது. ஆண் தேனீயின் மூடிய அறை மற்றதை விட மேலே குவிந்திருக்கும், உச்சியில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னத் துளை இருக்கும். முதலில் பார்ப்பவர்கள் நோயென்று பயந்துவிடுவார்கள். நோயில்லை, இந்த இனத்தின் ஆண் அறை அப்படித்தான். அப்படி இருபது முப்பது கண்டால் பிரியும் காலம் நெருங்குகிறது, இன்னொரு பெட்டியைத் தயார் பண்ணுங்கள். இராணி அறை வந்ததும் பழைய இராணியை இரண்டு மூன்று வதையோடு புதுப் பெட்டிக்கு மாற்றி, நல்ல இராணி அறை ஒன்றைப் பழைய பெட்டியிலே விட்டால் இரண்டு கூட்டம். புது இராணி பிறந்து, பறந்து சேர்ந்து, முட்டையிட மூன்று கிழமை அளவில் ஆகும். அதுவரை அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

10. தேன் எடுப்பது

மேல் அறையில் இருந்து மட்டும், வதையில் முக்கால்வாசி மெழுகால் மூடிய பிறகு மட்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், நம்மூர் ஈரப்பதத்தில் போத்தலுக்குள்ளேயே புளித்து மூடியைத் தள்ளும். மழை பெய்த மறுநாள் எடுக்காதீர்கள். கீழ் அறையில் ஓரமாகத் தேன் தெரியும், கை போகும். அது அவற்றின் மே மாதச் சாப்பாடு.

புத்தாண்டு எங்களுக்குக் கடைசி நாள். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு சேர்வது முழுவதும் பெட்டிக்கே. முதலில் சொன்ன அந்த ஜூன் மாதத்து போன் அழைப்புகளில் பெரும்பகுதி, வெசாக் வரை தேன் எடுத்தவர்களுடையது. 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று நிறைந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேன், முதல் வருஷம் அப்படி ஒன்றிரண்டு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது.

11. மே தொடக்கம் செப்டெம்பர்: காப்பாற்றும் மாதங்கள்

முதல் மழைக்கு முன் தேன் அறையைக் கழற்றுங்கள், தேன் மிச்சமிருந்தால் கீழே கொடுங்கள். தேனீ மூடாத வதை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஐந்து வதையைத்தான் மூடுகிறதென்றால் ஐந்துதான். காவல் இல்லாத வதையில் மெழுகுப்புழு வரும், வந்தால் வலை பின்னிச் சுரங்கம் போட்டுக் கூட்டத்தையே துரத்தும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட காலையில், முழுதாகத் திறக்காமல் அடிப்பலகையை மட்டும் இழுத்துத் துடைத்துவிடுங்கள். இந்தத் தேனீ பழைய வதையைக் கடித்துத் தூளாக்கிக் கீழே தள்ளும், அந்தத் தூளில்தான் மெழுகுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்கும். தூளில் கடுகு மாதிரிக் கறுப்பு எச்சம் இருந்தால் மெழுகுப்புழு வந்துவிட்டது, அன்றைக்கே வதை வதையாகப் பாருங்கள்.

பெட்டியைப் பின்பக்கமாக ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தூக்கினால் பாரம் கைக்குப் பழகிவிடும். லேசாகிக்கொண்டு போனால் சீனித்தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாலையில். நாலைந்து நாள் விடாமல் அடைமழை என்றால் பாரம் பார்க்காமலே கொடுங்கள். மிதமிஞ்சியும் வேண்டாம், புழு வளர்க்க இடமில்லாமல் எல்லா அறையையும் சீனியால் நிரப்பிவிடும்.

குளவி வாசலில் நின்று தேனீயைப் பிடித்துக்கொண்டு போகும் மாதங்களும் இவைதான். வாசலை இரண்டு தேனீ போகும் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள். உண்ணிக்கு மருந்து விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு எதையும் போடத் தேவையில்லை, இந்த இனம் உண்ணியைத் தானே பிடித்துக் கடித்து அகற்றும்.

12. டெங்குப் புகை அடிக்கும் நாள்

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் புகை அடித்தது எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. மறுநாள் காலை பெட்டிக்கு முன்னால் சிமெந்துத் தரை முழுக்கத் தேனீ, நாக்கு வெளியே நீட்டியபடி, சில இன்னும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கைவிளக்குமாறால் கூட்டி அள்ளியபோது இரண்டு கை நிறைய வந்தது.

டெங்கைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அதில் கேள்வியே இல்லை. நாம் செய்ய வேண்டியது, உங்கள் பகுதிப் பி.எச்.ஐ. அலுவலகத்திலும் ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவிலும் முன்கூட்டிச் சொல்லி வைப்பது. நாள் தெரிந்தால் முந்தின இரவு, தேனீ எல்லாம் அடைந்த பிறகு வாசலைக் கம்பிவலையால் மூடி, பெட்டி மேல் ஈரச் சாக்குப் போர்த்துங்கள். காற்றுக்குக் கீழே இடம் விடுங்கள். புகை அடங்கி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் சாக்கை எடுத்து, வாசலையும் பலகையையும் ஈரத்துணியால் துடைத்துத் திறந்துவிடுங்கள், தண்ணீர்ச் சட்டியை மாற்றுங்கள். வெயில் ஏறிய பிறகும் மூடியே வைத்தால் புகைக்குத் தப்பியது சூட்டில் சாகும்.

13. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர்

ஒக்டோபரில் காலை வெயிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழையுமாக இருக்கும், காலை மகரந்தம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மூடியில் ஒரு கல் வையுங்கள், காற்றில் மூடி பறந்து கூட்டம் நனைவது இந்த மாதங்களில்தான். கறுத்துப்போன பழைய வதைகளில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டால் டிசம்பரில் புதிது கட்டும். டிசம்பர் நடுவில் மழை குறைந்ததும் ஒரு கிழமைக்குச் சின்னச் சின்ன அளவாகச் சீனித்தண்ணீர் கொடுத்தால் இராணி முட்டையைக் கூட்டும், ஜனவரிப் பூவுக்கு வேலைக்காரத் தேனீ தயாராக இருக்கும். தோட்டத்தில் இது கன்றுகளுக்கு எரு போடும் நேரம்.

14. ஒருநாள் பெட்டி வெறுமையாக இருந்தால்

உடனே கழுவி வைக்காதீர்கள், முதலில் வதையைப் பாருங்கள், ஏன் போனதென்று அது சொல்லும். முட்டை, புழு, தேன் எதுவுமில்லாமல் சுத்தமாக இருந்தால் அது கிழமைக்கணக்காக யோசித்துப் போனது. போகும் முன் முட்டையிடுவதை நிறுத்தி, இருந்த தேனையும் குடித்துவிட்டுத்தான் போகும். பசி அல்லது வெயில் அதற்குக் காரணம். புழுவையும் தேனையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தால் திடீரென்று ஏதோ நடந்திருக்கிறது: எறும்பு, புகை, அல்லது நீங்கள் அதிக நேரம் திறந்து வைத்திருந்தது. வலையும் எச்சமும் இருந்தால் மெழுகுப்புழு.

காரணத்தைக் கொப்பியில் தேதியோடு எழுதுங்கள். நல்ல வெளிர் வதைகளைப் பையில் சுற்றி இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் உறையும் தட்டில் வையுங்கள், அந்துப்பூச்சி முட்டை செத்துவிடும். கறுத்த வதையை உருக்கி மெழுகாக்குங்கள். பெட்டியைச் சுரண்டி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, அந்த மெழுகையே உள்ளே தடவி, வதை ஒன்றைச் சட்டத்தில் மாட்டி, கூட்டம் பிரியும் காலத்துக்கு முன் ஆள் உயரத்துக்கு மேலே நிழலில், வாசல் கிழக்கே பார்க்க வையுங்கள். ஓரிரு தேனீ வந்து வாசலைச் சுற்றி உள்ளே போய்ப் போய்ப் பார்த்தால் அவை வீடு பார்க்க வந்தவை. பெட்டியை அசைக்காமல், பக்கத்தில் போகாமல், இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள்.